லௌரி ரபலாவின் தக்கை மீன்

1/ 1930கள், பின்லாந்து. பைஜானே ஏரியில மீன் பிடிச்சுக் குடும்பத்தைக் காப்பாத்தினவர் லௌரி ரபலா. பெரிய மீன் எதை முதல்ல கவ்வுதுன்னு படகுல இருந்தே கவனிச்சார். அடிபட்டுத் தள்ளாடி நீந்துற குட்டி மீனைத்தான்!

2/ 1936ல தக்கையைச் செதுக்கி, அதே மாதிரி தள்ளாடுற பொய்மீன் ஒண்ணு செஞ்சார். மினுமினுப்புக்கு சாக்லேட் சுத்தின ஜிகினாத் தாள். வார்னிஷ் வாங்கக் காசில்லை. போட்டோ நெகட்டிவை உருக்கி மேல பூசினார்.

3/ டாக்டரா எனக்கு ஆச்சரியம் இங்கேதான். அந்தக் காலத்து ஃபிலிம் பலதும் நைட்ரோசெல்லுலோஸ். அதை ஈத்தர், ஆல்கஹால்ல கரைச்சா கொலோடியன். 19ஆம் நூற்றாண்டுலயே காயத்து மேல பூசினாங்க. இன்னிக்கும் மரு, கால் ஆணிக்குத் தர்ற மருந்துல இருக்கு. காய்ஞ்சதும் மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கும்.

4/ வீட்டுல பொய்மீன் செய்யறவங்க கவனத்துக்கு: பழைய நெகட்டிவை உருக்கிடாதீங்க. நைட்ரேட் ஃபிலிம் பத்திக்கிட்டா தண்ணியில போட்டாலும் அணையாது. சாதாரண வார்னிஷே போதும்.