விமான சிமுலேட்டர்: உண்மைத் தரவுடன் ஒப்பீடு

விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர் அசல் விமானத்தைப் போலவே பறக்கிறதா என்பதை, அளவீட்டுக் கருவிகள் பொருத்திய விமானத்தின் சோதனைப் பறப்பில் பதிவான தரவுகளைக் கொண்டு சரிபார்க்கும் முறை, அமெரிக்காவில் 'பகுதி 60' என்னும் விதித்தொகுப்பால் நெறிப்படுத்தப்படுகிறது. எடை, எடைமையம், காற்று, வெப்பநிலை ஆகிய அனைத்தையும் அன்றைய சோதனைப் பறப்பில் இருந்தவாறே அமைத்த பின்னரே இரண்டின் வரைகோடுகளும் ஒப்பிடப்படுகின்றன. இயல்பான மேலேற்றத்தில் வேகம் மணிக்கு 3 கடல் மைலுக்கு மேல் விலகக் கூடாது, ஏறும் வீதத்தில் நிமிடத்துக்கு 100 அடி அல்லது 5 சதவீத வேறுபாடு மட்டுமே ஏற்கப்படும்.

மிகக் கடினமான பகுதி ஸ்டால், அதாவது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் வரம்பு மீறுவதால் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை குலையும் நிலை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஸ்டாலுக்கு உள்ளாகி விழுந்து 50 பேர் இறந்த பிறகு, முழு ஸ்டால் பயிற்சி கட்டாயமானது. அதற்குரிய சிமுலேட்டர் தரம் 2016இல் விதிகளில் சேர்க்கப்பட்டது. அந்நிலையில் விமானத்தின் நடத்தை ஒவ்வொரு முறையும் மாறுவதால், கோட்டுக்குக் கோடு பொருத்தம் தேடுவது பயனற்றது. காற்றியக்கக் கணித மாதிரியும், ஸ்டாலை நேரில் அறிந்த விமானியின் மதிப்பீடும் அங்கே சான்றாக ஏற்கப்படுவது முற்றிலும் சரியானதே.