கண்ணாடிப் பெட்டியும் கல்வெட்டும்



நம் தோட்டங்களில் கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை அரிது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, பால் நிறுத்து, களைத்துத் திரும்பிய பாட்டியும் இரவில் விக்கிரமாதித்தன் கதை சொல்லத் தவறியதில்லை. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' ஒரு லயத்துக்கு ஒன்று வந்தால் போதும். அட்டை கிழியும் வரை வீடு வீடாகச் சுற்றியது. "கதைப் புத்தகம் சோறு போடுமா?" என்று கடிந்துகொண்ட பெற்றோரும் உண்டு. அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. பேச்சின் முடிவில் அதற்கு விடை காண்போம்.

கதைப் பிரியர்கள் கையில் மூன்று வகை நூல்கள் கிடைக்கின்றன. ஒன்று மாயக்கதை. மற்றொன்று அறிவியல் கதை. மூன்றாவது வரலாறு. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் பலர். ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஒன்றிடம் கேட்கவேண்டிய கேள்வியை மற்றொன்றிடம் கேட்டால் இரண்டுமே கெட்டுவிடும். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

'செஜாரா மெலாயு' என்னும் மலாய் மன்னர் வரலாறு நம் நாட்டின் பழம்பெரும் நூல். அதன் புகழ்பெற்ற முன்னுரை 1612ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 2001இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. அந்நூலில் இந்தியாவிலிருந்து படையெடுத்து வரும் மாமன்னன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் ஏட்டுக்கு ஏடு சூலான் என்றும் சூரான் என்றும் மாறி வரும். அவன் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் வரை வந்துவிடுகிறான். செய்தி அறிந்த சீன மன்னன் பல் விழுந்த கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். "நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள், இந்த ஊசிகள் அன்று பெரிய இரும்புக் கம்பிகள், இந்த மரங்களோ அன்று வெறும் விதைகள்" என்கிறார்கள் கிழவர்கள். சீனம் அவ்வளவு தொலைவா என்று மலைத்துத் திரும்பிவிடுகிறான் மன்னன்!

பிறகு அவனுக்குக் கடலின் அடியைக் காண ஆசை பிறக்கிறது. கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, பொன் சங்கிலியில் கட்டி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டு இறங்குகிறான். அங்கே ஒரு நாடு இருக்கிறது. அந்நாட்டு இளவரசியை மணந்து மூன்று புதல்வர்களைப் பெறுகிறான். பின்னர்க் கடற்குதிரையில் ஏறி நிலவுலகம் திரும்புகிறான். அவன் வழித்தோன்றல்களே மலாய் மன்னர் மரபின் முன்னோர் என்று கதை தொடர்கிறது.

இதைக் கேட்டு, "இது நடக்குமா?" என்று சிரித்தால் நாம் ஏமாந்து போவோம். மாயக்கதையிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: "இதை எதற்காகச் சொன்னார்கள்?" மலாக்கா அரச குலம் மேற்கே மாவீரன் இஸ்கந்தரோடும், இந்தியப் பேரரசனோடும், கடலோடும் உறவுடையது என்று காட்டுவதே நூலின் நோக்கம். சூலான் என்ற பெயரில் சோழன் என்ற பெயரின் எதிரொலி கேட்கிறது என்பர் ஆய்வாளர் பலர். அப்படியானால், சோழர் கப்பல்கள் வந்து போய் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்நாட்டு மக்கள் அந்த நினைவைக் கதையாகக் காத்துவந்தார்கள் என்றல்லவா ஆகிறது!

அடுத்து அறிவியல் கதை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869–70இல் கடலடிப் பயணத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதிலும் மனிதன் கடலுக்குள்தான் போகிறான். ஆனால் பொன் சங்கிலி இல்லை. மின்சாரத்தால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறது. இங்கே "இது நடக்குமா? எது தடுக்கும்?" என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்துக்கு நிகரான அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 1934இல் இருவர் தடித்த எஃகு உருண்டைக்குள் அமர்ந்து, எஃகுக் கம்பி வடத்தில் தொங்கியபடி, 923 மீட்டர் ஆழம் இறங்கினர். சூலானின் பெட்டி எஃகானது, சங்கிலி வடமானது. ஆசை மட்டும் மாறவில்லை.

வெர்ன் எல்லாவற்றையும் சரியாகக் கணித்துவிட்டார் என்று சொல்வது மிகை. 1865இல் அவர் எழுதிய நிலவுப் பயணக் கதையில் மூன்று பேர் ஃபுளோரிடாவிலிருந்து புறப்படுகிறார்கள். 1969இல் அப்போலோ 11 விண்கலமும் மூவரோடு அங்கிருந்தே புறப்பட்டது. ஆனால் கதையில் அவர்களைப் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள்! அந்த அதிர்ச்சியில் ஒருவரும் பிழைக்க முடியாது. பிழையைக் கண்டுபிடித்துப் படிக்கும் மாணவனே அறிவியல் கதையின் முழுப் பயனையும் பெறுகிறான்.

மூன்றாவது வரலாறு. இதனிடம் கேட்கவேண்டிய கேள்வி: "இது உமக்கு எப்படித் தெரியும்?" சுமார் 1025இல் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது என்று படிக்கிறோம். எப்படித் தெரியும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் எனப் பல ஊர்களை அது வரிசைப்படுத்துகிறது. ஆயினும் அது வென்ற மன்னனின் புகழுரை. எத்தனை கப்பல் வந்தன, எத்தனை பேர் மாண்டனர், கடாரத்துக் குடிமக்கள் என்ன துன்பம் அடைந்தனர் என்று அது கூறவில்லை. பெருமை கொள்ளும்போதே இதையும் எண்ணிப் பார்ப்பதுதான் வரலாற்று அறிவு.

நாவலையும் வரலாற்றையும் குழப்பிக்கொள்வோர் நம்மில் நிறையப் பேர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து நம் நெஞ்சங்களைக் கொள்ளைகொண்டது. அதில் இளவரசர் அருள்மொழிவர்மர் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் அடைக்கலம் புகுகிறார். அந்த விகாரமோ, கடாரத்து மன்னர் மரபினரால், அதே இளவரசர் இராசராசனாக முடிசூடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆன பிறகு எழுப்பப்பட்டதாகச் செப்பேடுகளால் அறிகிறோம். கல்கி தவறிவிட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. படிப்பவருக்குத்தான் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

சான்று அழிந்தால் வரலாறும் அழியும். கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் பண்டைத் துறைமுகத்தின் கோயில் அடித்தளங்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று 2013இல் நில மேம்பாட்டு வேலையின்போது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியான பிறகே நாடு பதறியது. இடிந்த கல்லிடம் இனி யார் கேள்வி கேட்பது?

நேயர்களே, கல் இருக்கட்டும். நம் வீட்டுச் சான்றுகள் என்ன ஆயின? 1942–43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், பின்னர் நூல்கள் வெளியிட்டனர். இறந்த கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர் எத்தனை பேர் இறந்தனர் என்பதையோ இன்றும் மதிப்பிட்டே சொல்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்தவர்கள் அதை லயத்து வாசலில் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். எழுதி வைத்தவர் மிகச் சிலர். சூலான் கதை அரண்மனைக் கதையாதலால் ஏடு ஏறியது. நம் தாத்தா கதையை ஏற்றிவைக்க ஆள் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுங்கள். வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், சொன்னவர் கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் அருகே குறியுங்கள். மூத்தவர்கள் மறைந்துவிட்ட வீடுகளில், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். பழைய கப்பல் சீட்டு, சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைப் பழைய தாள் என்று வீசிவிடாதீர்கள். தோட்டம் மாறினாலும், பட்டணம் குடிபெயர்ந்தாலும், துணிமணியோடு அவற்றையும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அவையே நம் கல்வெட்டு, நம் செப்பேடு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கதைப் புத்தகம் சோறு போடாது. ஆனால் மாயக்கதை ஆசைப்படக் கற்றுத் தருகிறது. அறிவியல் கதை ஆசையைக் கணக்கிட்டுப் பார்க்கக் கற்றுத் தருகிறது. வரலாறு, யார் எதைச் சொன்னாலும் சான்று கேட்கக் கற்றுத் தருகிறது. இம்மூன்றும் தெரிந்த பிள்ளையின் சம்பளச் சீட்டில் யாரும் எளிதில் தப்புக் கணக்கு எழுதிவிட முடியாது.