கார்டு யாருக்குச் சொந்தம்? ஜிபியு பாஸ்த்ரூவின் கதை

லினக்ஸ் மேல் ஒரு விர்ச்சுவல் மெஷினைத் திறந்து அதில் விண்டோஸ் போடுவது இன்று அரைமணி நேர வேலை. பிராசசர், மெமரி, டிஸ்க் எல்லாம் அதன் பங்குக்குக் கிடைச்சிடும். ஆனால் உள்ளே ஒரு கேமைத் திறந்து பாருங்கள், படம் திணறும். அந்த விண்டோஸின் கண்ணுக்குத் தெரிவது நிஜ கிராபிக்ஸ் கார்டு இல்லை, சாஃப்ட்வேர் போட்டிருக்கும் வேஷம். அப்படியென்றால் நிஜக் கார்டையே உள்ளே கொடுத்துவிட்டால் என்ன? அதற்குப் பெயர்தான் ஜிபியு பாஸ்த்ரூ. இது வீட்டு மேஜைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆச்சு என்று தேடிப் படித்தேன். கிடைத்தவை இரண்டு கதைகள். ஒன்று எஞ்சினியரிங், மற்றது வியாபாரம்.

முதல் கதை மெயின்பிரேமில் தொடங்குகிறது. ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் விஎம்/370-ஐ ஐபிஎம் 1972-ல் அறிவித்தது. டேப் டிரைவ் போன்ற ஒரு சாதனத்தை ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு என்று ஒதுக்கித் தரும் வசதி அதிலேயே உண்டு. சிக்கலும் அதிலேயே உண்டு. ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் தன் மெமரி பூஜ்யத்தில் ஆரம்பிப்பதாக நினைக்கும், நிஜத்தில் அது வேறெங்கோ இருக்கும். சாதனங்களோ பிராசசரைக் கேட்காமல் மெமரியில் நேராக எழுதுபவை. பழைய கதவு எண், புது கதவு எண் என்று இரண்டும் இருக்கும் தெருவில் தபால் மாறிப்போகிற அதே தொல்லை. அதனால் சாதனத்துக்குப் போகும் ஒவ்வொரு கட்டளைத் தொடரையும் ஐபிஎம்மின் கண்ட்ரோல் புரோகிராம் படித்து, அட்ரஸை மாற்றி எழுதி அனுப்பியது. அந்தச் சுமையைத் தவிர்க்க, ஒரு மெஷினின் மெமரியை மட்டும் நிஜ அட்ரஸிலேயே வைக்கும் 'விர்ச்சுவல் = ரியல்' வழியும் இருந்தது.

கிராபிக்ஸ் கார்டில் அந்த வித்தை பலிக்காது. கட்டளைகள் வெள்ளமாகப் போகும், அவற்றின் அமைப்பும் கம்பெனி ரகசியம். நடுவில் நின்று ஒவ்வொன்றாகத் திருத்த முடியாது. ஒரு அட்ரஸ் தப்பினால் ஹோஸ்ட் மெமரியே நாசம். ஆக, சாதனத்துக்கும் மெமரிக்கும் நடுவே அட்ரஸை மாற்றித் தர ஒரு ஹார்ட்வேர் வேண்டும். அதுதான் ஐஓஎம்எம்யூ. ஏஎம்டி, இன்டெல் இரண்டும் இதற்கான வரையறைகளை 2006-ல் வெளியிட்டன. அது இருந்தால் கார்டு விர்ச்சுவல் மெஷினின் அட்ரஸையே சொல்லலாம், அனுமதி இல்லாத இடத்தைத் தொட்டால் தடுக்கப்படும்.

முதலில் பலன் கண்டது டேட்டா சென்டர். 2010-ல் அமேசான், இரண்டு டெஸ்லா எம்2050 கார்டுகளோடு விர்ச்சுவல் மெஷின்களை வாடகைக்கு விட்டது. 2012-ல் அலெக்ஸ் வில்லியம்சன் எழுதிய விஎஃப்ஐஓ, லினக்ஸ் 3.6-ல் சேர்ந்தது. 'ஐஓஎம்எம்யூ குரூப்' என்ற சொல் பலருக்கும் பழக்கமானது இதன் வழியாகத்தான். ஒரே பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சாதனங்கள் ஐஓஎம்எம்யூவுக்குத் தெரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடும். அதனால் கொடுத்தால் மொத்தக் குரூப்பையும் கொடு என்பது விஎஃப்ஐஓவின் விதி. கார்டோடு அதன் எச்டிஎம்ஐ ஆடியோவும் சேர்ந்து போவது இதனால்தான்.

இத்துடன் எஞ்சினியரிங் கதை ஏறக்குறைய முடிந்தது. இரண்டாவது கதை இங்கேதான் ஆரம்பம்.

என்விடியாவின் ஜீஃபோர்ஸ் கார்டை உள்ளே கொடுத்தால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' வந்து நிற்கும். விலை அதிகமான குவாட்ரோ மாடல்களுக்கோ அதிகாரபூர்வ ஆதரவே இருந்தது. என்ன வித்தியாசம்? பிராசசரிடம் சிபியுஐடி வழியாகக் கேட்டால், கேவிஎம் தன் பெயரைப் பதிலாகச் சொல்லும். அந்தப் பெயரை மறைத்து, செட்டிங்கில் ஓரிரு வரி மாற்றினால், அதே ஜீஃபோர்ஸ் ஒழுங்காக ஓடியது! சிப்பில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தடை டிரைவரில் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய கார்டை எந்த இயந்திரத்தில் ஓட்டுவது என்பதை, வாங்கியவருக்குப் பதிலாக டிரைவர் முடிவு செய்தது.

2021 மார்ச்சில், 465 வரிசை டிரைவரில், ஜீஃபோர்ஸ் பாஸ்த்ரூவை பீட்டாவாக என்விடியாவே திறந்துவிட்டது. ஏற்கெனவே விற்றிருந்த கார்டுகளும், புது சிப் எதுவும் இல்லாமல், அன்றைக்கே தகுதி பெற்றுவிட்டன. ஆனால் ஒரு கார்டு ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு மட்டும்தான். ஒரே கார்டைப் பல மெஷின்களுக்குப் பிரித்துத் தருவது தொழில்முறை கார்டுகளின் வசதியாகவே வைக்கப்பட்டது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, 'இந்த மாடலில் இந்த வசதி இல்லை' என்று எங்கே படித்தாலும் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. முடியாததா, விடாததா? முடியாது என்றால் ஐஓஎம்எம்யூ மாதிரி ஒரு புது ஹார்ட்வேர் வர வேண்டும், அதற்குக் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. விடவில்லை என்றால் தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. கம்ப்யூட்டர் வரலாறு எழுதும்போது இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது.