அடியில் ஒரு வரி

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்த இயேசு படம் எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. வெள்ளை அங்கி, ஆசீர் அளிக்கும் வலக்கை, நெஞ்சைத் தொடும் இடக்கை. அங்கிருந்து இறங்கும் இரண்டு கதிர்களில் ஒன்று சிவப்பு, மற்றொன்று வெளிறியது. அடியில் ஒரே ஒரு வரி: இயேசுவே, உம்மை நம்புகிறேன். அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு ஜெபமாலையை எடுக்குமுன், அந்த வரியின்மேல் விரலை வைத்துச் சொல் சொல்லாக நகர்த்துவார்.

அந்த வரி பிறந்தது போலந்து நாட்டில், புவோட்ஸ்க் நகரத்துக் கன்னியர் மடம் ஒன்றில். 1931 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை இரவு. அருட்சகோதரி பவுஸ்தீனாவுக்கு அப்போது 25 வயது. ஏழை விவசாயக் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது. பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம்கூட நிறையவில்லை. மடத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் சமையல், தோட்டம், வாசற்கதவு என்று எடுபிடி வேலைகள்தான். அன்றிரவு தம் அறையில் இயேசுவைக் கண்டதாகவும், கண்டபடியே படம் வரைந்து அடியில் இந்தச் சொற்களை எழுதும்படி அவர் கேட்டதாகவும் பவுஸ்தீனா பிற்பாடு தம் நாட்குறிப்பில் எழுதினார்.

அவருக்கோ படம் வரையத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, உன் ஆன்மாவில் வரைந்துகொள் என்றார் குருவானவர். வெளியே வந்ததும், அங்கேதான் ஏற்கெனவே இருக்கிறதே, தூரிகையால் வரைந்த படம் வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதாகக் குறிப்பு சொல்கிறது. இந்த இடத்தைத் தாண்ட எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். கைவராத வேலையைக் கொடுத்து, உம்மை நம்புகிறேன் என்று அதன் அடியில் எழுதவும் சொன்னால், அந்தப் பெண் எதைப் பிடித்துக்கொள்வார்? தன் கையை நம்ப வழியில்லை. அதற்காக அவர் சும்மா உட்கார்ந்துவிடவும் இல்லை. மடத்துத் தலைவியரிடம் சொன்னார், சந்தேகப் பார்வைகளைத் தாங்கினார், காத்திருந்தார்.

1933-இல் வில்னியுஸ் மடத்துக்கு மாற்றல். இன்று லித்துவேனியாவில் இருக்கும் அந்த நகரம் அப்போது போலந்தின் வசம் இருந்தது. அங்கே ஆன்ம குருவாக வாய்த்தவர் அருட்தந்தை மிக்கேல் சொபோச்கோ. கேட்டதும் நம்பிவிடவில்லை அவர். முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்பிப் பரிசோதிக்கச் செய்தார். பிறகு தாம் குடியிருந்த வீட்டிலேயே இருந்த ஓவியர் கசிமிரோவ்ஸ்கியிடம் வேலையை ஒப்படைத்தார். 1934 ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை நடந்தது. அங்கி மடியும் விதம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பூசைக்கு உடுத்தும் வெள்ளை அங்கியோடு சொபோச்கோ சாமியாரே ஓவியர்முன் நின்றார். பவுஸ்தீனா அடிக்கடி வந்து, இது இப்படியல்ல, அது அப்படியல்ல என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உருவாகிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, பவுஸ்தீனா ஒருமுறை மடத்துச் சிற்றாலயத்துக்குப் போய் அழுதார். தாம் கண்ட அழகில் ஒரு துளிகூடத் திரையில் இல்லையாம். வண்ணத்திலும் தூரிகையிலும் அல்ல, என் அருளில்தான் இதன் பெருமை என்ற பதிலே ஆண்டவரிடமிருந்து கிடைத்ததாக எழுதினார்.

1935 ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறை ஒட்டி, வில்னியுஸின் விடியல் வாயிலில் மூன்று நாள் படம் மக்கள் பார்வைக்கு நின்றது. 1938 அக்டோபர் 5 அன்று, 33 வயதில், பவுஸ்தீனா காசநோயால் இறந்தார். இந்தப் படத்தைச் சுற்றி வளர்ந்த பக்திமுயற்சிக்கு 1959-இல் ரோம் தடை போட்டது, 1978-இல் நீக்கியது. 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் அளித்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்கத்தின் ஞாயிறாகவும் அறிவித்தார்.

எங்கள் வீட்டில் இருப்பது அவர் அழுதுவிட்டு ஏற்றுக்கொண்ட அந்தப் படம்கூட இல்லை. உலகெங்கும் அதிகம் பரவியது, அவர் இறந்த பிறகு அடால்ஃப் ஹிவா என்ற வேறொரு ஓவியர் வரைந்தது. முகம் வேறு, பார்வை வேறு. அம்மாச்சியின் விரல் பட்டுப் பட்டு, எங்கள் படத்தில் கடைசிச் சொல் பாதி அழிந்திருக்கிறது.