வாடகை வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு



சென்ற வாரம் சென்னையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், வீட்டைக் காலி பண்ணி மூணு மாசம் ஆச்சு. பெயின்ட் அடிக்கணும்னு அட்வான்ஸ்ல பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க. மீதியும் வரல. இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. அது வந்த கதை பெரிது. வகுப்பில் நான் நடத்தாமல் விட்ட பாடம் என்று நினைத்துப் படியுங்கள்.

1915, முதல் உலகப் போர்க்காலம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வீடு கிடைக்கவில்லை. உரிமையாளர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில் இருந்ததால் பெண்களே எதிர்த்து நின்றார்கள். கோவன் பகுதியைச் சேர்ந்த மேரி பார்பர் என்ற பெண்மணி முன்னின்றார். ஏற்றிய வாடகையைத் தர மாட்டோம் என்றார்கள். காலி செய்யவைக்க ஆள் வந்தால் மணி அடிப்பார்கள். தெருவே திரண்டு மாவுப் பொட்டலங்களை வீசி விரட்டும். நவம்பருக்குள் ஏறக்குறைய 20,000 குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. நவம்பர் 17 அன்று 18 பேர் மீதான வாடகை வழக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை விட்டு நீதிமன்றத்தின் முன் கூடினார்கள். வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், போருக்கு முன்பிருந்த வாடகைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சிறிய வீடுகளுக்குப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது.

1918-ல் பம்பாயிலும் அப்படி ஒரு சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்துக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த கட்டுப்பாடு, 1946, 1949 சட்டங்களாகி, கடைசியில் 1960 சட்டமாக நிலைத்தது. அதன்படி நினைத்த நேரத்தில் யாரையும் வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உள்வாடகை, உரிமையாளருக்கே வீடு தேவை என்பது போன்ற காரணத்தை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி முன் நிரூபிக்க வேண்டும். நியாய வாடகையை அவரே நிர்ணயிக்கலாம். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். கேட்ட அளவுக்கு வாடகையை ஏற்றச் சம்மதிக்கவில்லை என்று வீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பத்து நாள் பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தேன். பிறகு பேசாமல் காலி செய்தோம். அவர் செய்தது சட்டப்படி தவறு என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான்!

உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சொற்ப வாடகையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, வழக்கை இழுத்தடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது வாடகை என்பது இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் தர வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவது இன்றும் குற்றம்தான்.

முக்கியமானது இதுதான்: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி வெளியேற்றக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பழைய சட்டம் குடியிருந்தவரைக் காத்தது. புதுச் சட்டம் கையில் காகிதம் உள்ளவரைக் காக்கிறது.

"ஒப்பந்தம் இருக்காப்பா?" என்று அவனிடம் கேட்டேன். "வாய்ப்பேச்சுதான் டீச்சர்" என்றான். வங்கிக் கணக்கிலிருந்து அட்வான்ஸ் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் இன்றைக்கே உங்கள் வீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்களும்தான். இல்லையென்றால் நல்லபடியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நான் குடம் சுமந்தது போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்