சிக் சாக்லேட்: பம்பாயின் டிரம்பெட்

கோவாவின் அல்டோனா ஊரில் 1916-இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், மேடையில் ‘சிக் சாக்லேட்’ என்று புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர். போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் தேவாலயப் பள்ளிகள் சிறுவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பைக் கற்றுத் தந்தன. அந்தப் படிப்பே பல கோவா கலைஞர்களுக்குப் பம்பாயில் சோறு போட்டது. தாஜ்மகால் ஓட்டலில் தன் இசைக்குழுவை நடத்திய சிக், அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் கையில் வெள்ளைக் கைக்குட்டை பிடிக்கும் வழக்கத்தையும் தனதாக்கிக்கொண்டார். ‘இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்’ என்ற பெயரும் வந்தது.

ஆனால் அவரை நகல் கலைஞர் என்று ஒதுக்குவது பெரும் அநீதி. இந்தித் திரையிசையிலும் அவர் பங்கு உண்டு. அக்காலத் திரை இசையமைப்பாளர்கள் பலர் மெட்டைப் பாடிக் காட்டுவார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் சிக் போன்ற உதவியாளர்களே. இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுடன் அவர் பணியாற்றிய ‘அல்பேலா’ (1951) படத்தில் ஜாஸின் ஸ்விங் பாணியும் லத்தீன் தாளமும் இந்தி மெட்டோடு இழைந்தன. சிக்கின் குழுவே திரையிலும் தோன்றியது. இதே ராமச்சந்திராதான் பின்னர் தமிழில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்துக்கு இசையமைத்தவர். ‘நாதான்’ போன்ற சில படங்களுக்குச் சிக் தாமே இசையமைத்தார். 1967-இல் காலமானார்.