வலிமையும் சமநிலையும்: மாதிரி விமான வரலாறு புகட்டும் பாடம்

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம் ஒன்றைக் கட்ட முற்படும் இளைஞர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதில் எவ்வளவு பெரிய எஞ்சினைப் பூட்டலாம்?" என்ற கேள்வியேயாகும். பட்டம் விட்டுப் பழகிய சிறுவனோ இவ்வாறு கேட்கமாட்டான். காற்று எத்துணை பலமாக வீசினும், சூத்திரம் பிழைபடக் கட்டிய பட்டம் தலைகுப்புற விழுந்தே தீரும் என்பதை அவன் கைப்பழக்கத்தால் அறிவான். வானில் பறக்க விழைந்த மனிதனின் இருநூறாண்டு வரலாற்றை நோக்கினால், சிறுவனின் அறிவே சரியென்று விளங்கும். எஞ்சினைத் தேர்வதும் சமநிலையைக் காண்பதும் இரு வேறு வேலைகள் அல்ல; சமநிலையை முதலில் எண்ணியவருக்கே எஞ்சினும் பயன்பட்டது. இவ்வுண்மையை மாதிரி விமானங்களின் வரலாற்றைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

எஞ்சின் இல்லாத தொடக்கம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வாழ்ந்த ஸர் ஜார்ஜ் கேலி என்பார், 1804-ஆம் ஆண்டில் ஒரு சிறு மாதிரியைச் செய்தார். ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள ஒரு கோல். அதன்மீது பட்டம் போன்ற ஓர் இறக்கை. பின்னால் திருப்பி வைக்கத்தக்க ஒரு வால். அதில் எஞ்சின் கிடையாது. ஆனால், முன்பக்கத்தில் இடம் மாற்றி வைக்கத்தக்க ஓர் எடையை அவர் அமைத்திருந்தார். எடை மாறினால் பறக்கும் நிலையும் மாறும் என்பதை அவ்வறிஞர் கண்டுகொண்டார். பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொண்டால், அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். அம்மையம் இறக்கையின் தூக்கும் விசையோடு எவ்விடத்தில் பொருந்தவேண்டும் என்பதே கேலியின் ஆராய்ச்சி. இன்று மாதிரி விமானத்தின் மூக்கில் ஈயத்துண்டு வைத்துச் சரிபார்க்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் வழியில் நடப்பவரே.

அடுத்து வந்தவர் பிரெஞ்சு நாட்டு இளைஞர் அல்போன்ஸ் பெனோ. 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், பாரிஸ் நகரின் துயிலரி பூங்காவில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றை அவர் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் சென்றது. ரப்பர் முறுக்கைவிட எளிய விசை வேறு யாது? வியப்பு அதன் விசையில் இல்லை, அமைப்பில் உள்ளது. இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்தமையால், பக்கவாட்டில் சாய்ந்தால் அது தானே நிமிர்ந்தது. வால் இறக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் அமைந்திருந்தமையால், மூக்குத் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் பழைய நிலைக்கு மீண்டது. ஓட்டுபவர் இன்றித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சமநிலை இவ்வாறு பிறந்தது. பெனோ 1880-இல் தம் முப்பதாம் வயதில் மறைந்தார். அவர் கண்ட தத்துவம் மறையவில்லை.

ஐம்பத்திரண்டும் பன்னிரண்டும்

அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் கழகத்தின் தலைவராக இருந்த சாமுவேல் லாங்லி, பல தோல்விகளுக்குப் பின், 1896-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பொட்டோமாக் ஆற்றின்மேல் நீராவி எஞ்சின் பூட்டிய மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அது ஏறத்தாழ 3,300 அடி தூரம் பறந்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல் அதனை நேரில் கண்டு புகைப்படமும் எடுத்தார். ஆளில்லாத மாதிரியில் வெற்றி கண்ட லாங்லி, அதே வடிவத்தைப் பெரிதாக்கி மனிதனை ஏற்றிச் செல்ல எண்ணினார். அதற்கென ஆக்கப்பட்ட பெட்ரோல் எஞ்சின் 52 குதிரைச் சக்தி கொண்டது. அதன் எடைக்கு அத்துணை வலிமை தந்த எஞ்சின் அந்நாளில் அரிது. ஆயினும், 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாளும் டிசம்பர் 8-ஆம் நாளும் அவ்விமானம் ஏவிய உடனேயே ஆற்றில் வீழ்ந்தது.

இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களுக்குப் பின், டிசம்பர் 17-ஆம் நாள், ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்கள் எஞ்சினுக்கு இருந்தது ஏறத்தாழ 12 குதிரைச் சக்தியே! முதல் முறை 12 விநாடி, 120 அடி. அன்றைய இறுதி முறை 59 விநாடி, 852 அடி.

லாங்லியின் எஞ்சின் குறையுடையதன்று. குறை மற்றெல்லாவற்றிலும் இருந்தது. ஒரு மாதிரியின் நீள அகலங்களை இருமடங்காக்கினால், இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். சிறு வடிவில் உறுதியாக நின்ற சட்டம் பெரு வடிவில் தளர்ந்துபோவது இதனால்தான். விமானத்தை ஓட்டியின் கையில் அடக்கி ஆளும் வழியும் அதில் செம்மையாக அமையவில்லை. ரைட் சகோதரர்களோ எஞ்சினுக்கு முன்னரே எஞ்சினற்ற விமானங்களில் ஆண்டுக்கணக்கில் பழகி, சாய்வையும் திருப்பத்தையும் ஆளக் கற்றனர். அவர்கள் கணக்கின் நுட்பத்திற்கு ஒரு சான்று போதும். எஞ்சினை நடுவுக்கு வலப்புறமும், ஓட்டியை இடப்புறமும் வைத்தார்கள். ஓட்டியைவிட எஞ்சின் கனமாதலால், வலப்பக்க இறக்கையை நான்கு அங்குலம் கூடுதலாக நீட்டினார்கள். எஞ்சினைத் தேர்ந்த அதே வேளையில் அதன் எடைக்கு ஈடு செய்தார்கள் என்பதை இதனால் அறியலாம்.

கைக்கடங்கிய எஞ்சின்

பொழுதுபோக்காகச் சிறு விமானம் செய்வோர் நெடுங்காலம் ரப்பரையே நம்பியிருந்தனர். 1930-களில் அமெரிக்கரான வில்லியம் பிரௌன் ஆக்கிய ஏறத்தாழ 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின், 'பிரௌன் ஜூனியர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து நிலைமையை மாற்றியது. மின்பொறியால் எரியும் இவ்வெஞ்சினுக்குக் கம்பிச் சுருளும் மின்கலங்களும் வேண்டியிருந்தன. எஞ்சினின் எடையோடு இவற்றின் எடையையும் விமானம் சுமக்கவேண்டும். ஆகவே, மின்கலங்களை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை காணும் பழக்கம் எழுந்தது.

1937-இல் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் மிச்சிகன் மாநிலத்தில் எட்டடி இறக்கை கொண்ட மாதிரி விமானத்தை வானொலி அலைகளால் ஆண்டு காட்டினர். 'கஃப்' எனப்பெற்ற அவ்விமானம் பின்னர் ஸ்மித்ஸோனியன் காட்சியகத்தைச் சேர்ந்தது. 1947-இல் ரே ஆர்டன் என்பார் பிளாட்டினக் கம்பி கனன்று எரிபொருளை மூட்டும் முறையை அறிமுகப்படுத்தினார். கம்பிச் சுருளும் மின்கலமும் விமானத்திலிருந்து இறங்கின. மெத்தனால் என்னும் சாராயத்தோடு, நம் வீடுகளில் நன்கு அறிந்த ஆமணக்கெண்ணெயை மசகாகக் கலந்து ஊற்றினால் போதும். எடை குறைந்தது, விசை பெருகியது, வானில் கரணமடிக்கும் காலம் பிறந்தது.

தானே நிமிர்வது நன்றா?

இங்கே ஒரு புதிர் எழுகிறது. பெனோ காட்டிய, தானே நிமிரும் விமானம், தலைகீழாகப் பறக்கச் சொன்னால் கேட்குமா? கேளாது. வளையமிடவும் உருளவும் தலைகீழாய்ச் செல்லவும் வேண்டிய விமானம், எந்நிலையில் விடுகிறோமோ அந்நிலையிலேயே நிற்கவேண்டும். எனவே கரண விமானம் செய்தோர், இறக்கையின் மேல்வளைவையும் கீழ்வளைவையும் ஒன்றேபோல் ஆக்கினர். நுனிகளின் உயர்வைக் குறைத்தனர். எஞ்சின், இறக்கை, வால் மூன்றையும் கூடுமானவரை ஒரே கோட்டை ஒட்டி அமைத்தனர். 1960-இல் ஸ்விட்ஸர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடைபெற்ற முதல் உலகப் போட்டியில், எட் கஸ்மிர்ஸ்கி என்ற அமெரிக்கர் தாமே வகுத்த 'ஓரியன்' விமானத்தால் வெற்றி பெற்றார்.

இத்தகைய விமானத்தில் ஈர்ப்பு மையம் எங்கே இருத்தல் வேண்டும்? இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே என்பது பொதுவான தொடக்க அளவு. மையம் மிக முன்னே இருந்தால் விமானம் அடக்கமாகப் பறக்கும். ஆனால் திரும்பச் சோம்பும், இறங்கும்போது மூக்கைத் தூக்க மறுக்கும். மிகப் பின்னே சென்றால் சிறு அசைவுக்கும் துள்ளும். இன்னும் பின்னே சென்றால் எவர் கைக்கும் அடங்காது. மூக்குக் கனத்த விமானம் அரைகுறையாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒருமுறையே பறக்கும் என்று இக்கலையில் பழகியோர் கூறுவது வெறும் வேடிக்கையன்று.

இனி எஞ்சினைத் தேரலாம். துலாக்கோல் கணக்கை இங்கே நினைவுகூர்க. ஈர்ப்பு மையத்திலிருந்து எஞ்சின் 10 அங்குலம் முன்னேயும், வால் 30 அங்குலம் பின்னேயும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் ஓர் அவுன்ஸ் கூடினால், அதை ஈடுசெய்ய எஞ்சின் இருக்குமிடத்தில் மூன்று அவுன்ஸ் வேண்டும். பெரிய எஞ்சின் பூட்டினாலோ மூக்குக் கனக்கும்; அதற்கு வாலில் எடை சேர்ப்போர் உளர். கூடிய எடையைத் தூக்க வேகம் வேண்டும், வேகத்திற்கு எரிபொருள் வேண்டும், எரிபொருளும் எடையே. இறங்கும் வேகமும் மிகும். ஆகவே முதலில் விமானத்தின் எடையையும் இறக்கைப் பரப்பையும் கணித்து, நேர்மேலே ஏறும்போது தளராத அளவுக்கு விசை தரும் மிக இலேசான எஞ்சினைக் கொள்வதே முறை. எரிபொருள் கலத்தை மையத்திற்கு இயன்றவரை அருகில் வைத்தால், எரிபொருள் தீரத் தீரச் சமநிலை மாறாது. மின்மோட்டார் விமானங்களில் மின்கலத்தை நகர்த்திச் சமன் செய்கிறார்கள். 1930-களின் வழக்கம் புதுக்கோலத்தில் மீண்டு வந்துள்ளது.

கடல் கடந்த சிற்றெஞ்சின்

இவ்வரலாற்றின் ஒரு சிகரத்தை 2003-ஆம் ஆண்டில் காண்கிறோம். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரும் அவர் தோழர்களும் கட்டிய மாதிரி விமானம், ஆகஸ்டு மாதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து எழும்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அயர்லாந்தின் கடற்கரையில் இறங்கியது. தூரம் 1,882 மைல். நேரம் 38 மணியும் 52 நிமிடங்களும். எரிபொருளையும் சேர்த்து அதன் எடை 11 இராத்தலுக்கு உட்பட்டது. எஞ்சின் 10 கன சென்டிமீட்டர் அளவினது. பழைய பிரௌன் ஜூனியரின் கொள்ளளவே! ஹில்லுக்கு அப்போது வயது எழுபதைக் கடந்திருந்தது. கண்பார்வை பெரிதும் மங்கியிருந்தது. அவர் பெரிய எஞ்சினைத் தேடவில்லை. உள்ள எஞ்சினைச் சிக்கனமாக ஓடச் செய்து, ஒவ்வோர் அவுன்ஸையும் எண்ணிப் பார்த்தார்.

வலிமை வேண்டாம் என்று இவ்வரலாறு கூறவில்லை. விசையின்றி எதுவும் எழாது. ஆனால் சமநிலையற்ற வலிமை வீழ்ச்சியையே விரைவுபடுத்தும் என்று கூறுகிறது. ஆகவே, புதிதாக விமானம் கட்டும் இளைஞர் எஞ்சின் கடைக்குச் செல்வதற்குமுன், இறக்கையின் அடியில் இரு விரல்களைக் கொடுத்து அதைத் தூக்கிப் பார்ப்பாராக. மூக்கும் வாலும் மட்டமாக நிற்கும் இடம் எது என்று கண்டபின், எவ்வளவு எஞ்சின் வேண்டும் என்பதை அவ்விமானமே அவருக்குச் சொல்லும்.